ஆசனவாய் செல் மாதிரி: குறை எடுத்த கையிலா, பார்த்த கண்ணிலா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

கர்ப்பப்பை வாய் மாதிரி எடுப்பதில் எனக்குப் பத்தாண்டு அனுபவம் உண்டு. கடந்த ஓராண்டாக எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, ஆசனவாய்ப் புற்றுக்கு முந்திய மாற்றங்களைத் தேடுவதற்காக, ஆசனவாய் மாதிரியும் எடுத்து அனுப்புகிறேன். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ‘மதிப்பீட்டுக்குப் போதாது’ என்று திரும்பி வருகிறது. கர்ப்பப்பை வாய் மாதிரியில் எனக்கு இப்படி நேர்ந்ததே இல்லை. என் கை மாறவில்லை என்பதால், குறை ஆய்வகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் வாதம். வேறொன்றும் இருக்கிறது: சில அறிக்கைகளில் ‘மாதிரி போதுமானது, உருமாற்ற மண்டலச் செல்கள் காணப்படவில்லை’ என்று வருகிறது. அப்படியானால் மீண்டும் எடுக்க வேண்டுமா, வேண்டாமா?

ஜனவரி 9, இரவு

இருபது ஆண்டுகளாக ஸ்லைடு பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கை மாறவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். கர்ப்பப்பை வாயில் கருவி வைத்து விரித்து, விளக்கொளியில் இடத்தைப் பார்த்து, பார்த்த இடத்தில் சுரண்டுகிறீர்கள். ஆசனவாயில் ஒன்றும் தெரியாது. மூடிய தசை வளையத்துக்குள் ஒரு குச்சி போகிறது, அவ்வளவுதான். இடம் எது என்பதைக் கண் சொல்லாதபோது, காலமும் அழுத்தமும்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு வேண்டிய செல்கள் ஆசனவாய்க் கால்வாயின் முழு நீளத்திலிருந்தும் வர வேண்டும், குறிப்பாக மலக்குடலின் தூண் செல்களும் கால்வாயின் செதிள் செல்களும் சந்திக்கும் எல்லையிலிருந்து. உருமாற்ற மண்டலம் என்பது அந்த எல்லைதான். புற்றுக்கு வழிவகுக்கும் எச்.பி.வி. வைரஸ் குடியேற விரும்பும் இடமும் அதுதான். ஸ்வாப் குச்சியைக் குழாய்த் தண்ணீரிலோ உப்புநீரிலோ நனைத்து, மலக்குடலின் சுவரைத் தொடும் வரை, ஏறத்தாழ 5 செ.மீ. அல்லது சற்று கூடுதலாக, உள்ளே செலுத்த வேண்டும். தடை உணர்ந்தால் தள்ளக் கூடாது. திசையை மாற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் மாதிரி கிடைக்கிறது. குச்சி சற்றே வளையும் அளவுக்குப் பக்கவாட்டில் அழுத்தி, சுருள் படிக்கட்டில் இறங்குவதைப் போலச் சுழற்றிச் சுழற்றி, குறைந்தது 30 வினாடிகள் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரு நிமிடம் ஆனாலும் நல்லது. நடுவே, உள் தசை வளையத்தைக் கடக்கும் இடத்தில், கை தானாகவே வேகம் பிடிக்கும். அங்கேதான் நிதானம் தேவை.

வரிசை மாறக் கூடாது: முதலில் ஸ்வாப், பிறகு விரல் பரிசோதனை. விரலுக்கு முன் தடவிய வழவழப்புக் களிம்பு ஸ்வாபோடு சேர்ந்து வந்தால், ஸ்வாபைக் கலக்கி எங்களுக்கு அனுப்பும் குப்பியின் திரவத்தை வடிக்கும் சவ்வை அது அடைக்கும். ஸ்லைடில் செல்களுக்குப் பதிலாக நீலமும் ஊதாவும் கலந்த பிசின் படலம்தான் தெரியும். முந்தைய 24 மணி நேரத்தில் எனிமா, உள்கழுவல், களிம்பு, ஆசனவாய்வழி உறவு எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் எதிர்பார்ப்பது ஐயாயிரம் செல்கள். உங்கள் குப்பிகளில் அது இல்லை என்றால், அது உங்கள் கையின் கணக்கு.

ஜனவரி 10

இரண்டு விட்டுப்போயின. மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு வேண்டாம். பஞ்சின் இழைகள் செல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குப்பியில் எவ்வளவு கலக்கினாலும் விடாது. மரக்குச்சி முறியவும் கூடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதே சரி. அந்தத் தண்டிலும், முறித்துக் குப்பிக்குள் விடுவதற்கென்று நடுவில் வெட்டுக்கோடு போட்டிருப்பதைத் தவிர்க்கவும். பக்கவாட்டில் அழுத்தச் சொல்கிறோம். அழுத்தினால் முறியும் தண்டைக் கொடுத்து அழுத்தச் சொல்வது முறையல்ல.

ஜனவரி 12

நான் ஜனவரி 9 அன்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார். ஐயாயிரம் என்பது கர்ப்பப்பை வாய்த் திரவ மாதிரிக்கான அளவு. ஆசனவாய் மாதிரிக்கு, செல் அறிக்கைகளுக்கான பொது விதிமுறையான பெதஸ்டா முறையின் வழிகாட்டல் 2,000 முதல் 3,000 வரை உட்கரு உள்ள செதிள் செல்கள். இது இரவு நேரத்துத் தவறு என்று எண்ணித் திருத்திக்கொள்ளவும்.

‘உட்கரு உள்ள’ என்ற இரண்டு சொற்களை அடிக்கோடிட விரும்புகிறேன். ஆசனவாயின் வெளி விளிம்பிலிருந்து தோலைப் போன்ற, உட்கருவே இல்லாத, ஆரஞ்சு நிறத்தில் சாயமேறிய வெறும் தகடுகள் குவியலாக வரும். அவசரமாக எடுத்த மாதிரியில் ஸ்லைடு முழுக்க அவைதான் இருக்கும். வெறுங்கண்ணால் குப்பியைப் பார்த்தால் கலங்கலாக, செல் நிறைந்ததாகவே தோன்றும். ஆனால் அவை எண்ணிக்கையில் சேராது.

ஜனவரி 13

எப்படி எண்ணுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாயிரத்தையும் ஒருவரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. எண்ணுபவர் இருந்தால் அவருக்கு விடுமுறை கொடுக்க வேண்டும். குப்பித் திரவத்திலிருந்து ஸ்லைடு போடும் இரு முறைகள் தின்பிரெப், ஷ்யூர்பாத். தின்பிரெப் ஸ்லைடில் செல்கள் 20 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் படிகின்றன. அதன் பரப்பு 314 சதுர மி.மீ. என் நுண்ணோக்கியின் கண்வில்லையில் புல எண் 20 என்று பொறித்திருக்கிறது. 40 மடங்கு பொருள்வில்லையில் ஒரு புலத்தின், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தின், விட்டம் அப்போது 0.5 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 0.196 சதுர மி.மீ. வகுத்தால் வட்டத்துக்குள் 1,600 புலங்கள். 2,000 செல்கள் வேண்டுமானால் ஒரு புலத்துக்குச் சராசரி 1.25 செல் இருந்தால் போதும். ஷ்யூர்பாத் ஸ்லைடின் வட்டம் 13 மி.மீ. மட்டுமே என்பதால் அதே 2,000-க்கு ஒரு புலத்துக்கு ஏறத்தாழ 3 செல் தேவை. வட்டத்தின் விட்டத்தின் மீது நேர்கோட்டில் பத்துப் புலங்கள் எண்ணிச் சராசரி எடுப்பது வழக்கம்.

கண்வில்லையின் புல எண் 22 ஆக இருந்தால் கணக்கு மாறும்: புலம் பெரியது, புலங்களின் எண்ணிக்கை குறைவு, ஆகவே தின்பிரெப்பில் ஒரு புலத்துக்கு 1.5 செல் வேண்டும். எங்கள் அறையில் இரண்டு வகையும் இருக்கின்றன. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, பக்கத்து மேசைக்காரர் எந்த எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜனவரி 17

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்; அது முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. உருமாற்ற மண்டலத்துக்கு அடையாளம் மலக்குடலின் தூண் செல்கள், அல்லது செதிள் மெட்டாபிளாசியா செல்கள் (செதிள் செல்லாக மாறிக்கொண்டிருப்பவை), அல்லது இரண்டும். அவை இருக்கின்றனவா, இல்லையா என்று எழுதுவது வழக்கம்; ஆனால் அவை இல்லாத ஒரே காரணத்துக்காக மாதிரி தகுதி இழப்பதில்லை. தகுதியைத் தீர்மானிப்பது உட்கருவுள்ள செதிள் செல்களின் எண்ணிக்கையும், அவை மலப்பொருளாலோ இரத்தத்தாலோ பாக்டீரியாவாலோ மூடப்படாமல் இருப்பதும்தான். முக்கால் பங்குக்கு மேல் மறைந்திருந்தால், எத்தனை செல் இருந்தாலும் படிக்க முடியாது.

ஆகவே, ‘போதுமானது, உருமாற்ற மண்டலச் செல்கள் இல்லை’ என்ற அறிக்கையைப் பார்த்த உடனே நோயாளியைத் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியை நோயாளிக்கான செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் உங்களுக்கான செய்தியாக எடுத்துக்கொண்டால் பயன் உண்டு. ஒருவர் எடுக்கும் பத்து மாதிரிகளில் எட்டில் தூண் செல் இல்லை என்றால், குச்சி போதிய ஆழம் போகவில்லை என்றுதான் நான் ஊகிப்பேன். ஒன்றிரண்டில் இல்லை என்றால் ஒரு பொருளும் இல்லை.

தூண் செல்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்து உட்காரவும். தேன்கூட்டு அறைகளைப் போல ஒட்டி ஒட்டி, உட்கருக்கள் வரிசையாக ஒரு பக்கம் ஒதுங்கி, மற்றொரு பக்கத்தில் சளி நிறைந்த வெளிறிய சைட்டோபிளாசத்தோடு ஒரு சிறு தாளாக வரும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆறுதல் வரும்: மேலே வரை போய் வந்திருக்கிறார் என்று.

ஜனவரி 18

சிரிப்பதற்காக ஒன்று. பயிற்சிக்கு வந்த ஒருவர், தடித்த சுவரும் கரிய மையமும் கொண்ட ஒரு செல்லைப் புள்ளியிட்டு, ‘புற்று ஐயம்’ என்று குறித்து என்னிடம் ஓடி வந்தார். பார்த்தேன். செரிக்காத காய்கறியின் செல். விலங்குச் செல்லுக்கு அப்படிக் கட்டங்கட்டமான சுவர் கிடையாது. மலக்குடலுக்கு அருகில் எடுக்கும் மாதிரியில் தாவரச் செல் வருவது இயல்பு. அவருக்கு இன்றுவரை ‘காய்கறிப் புற்று’ என்ற பட்டப்பெயர் உண்டு. நானே என் முதலாண்டில் மகரந்தத் துகள் ஒன்றோடு அரை மணி நேரம் போராடியிருக்கிறேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

அதே ஸ்லைடுகளில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய விருந்தாளிகளும் உண்டு: கேண்டிடா பூஞ்சை, ஹெர்ப்பிஸ் பாதித்த பல உட்கருச் செல்கள், சில சமயம் கீரிப்பூச்சியின் முட்டை. கண்டால் அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 26

எட்டு நாளாக இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் உண்டு. எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

ஜனவரி 9 அன்று ஐயாயிரம் என்று எழுதியதை இரவு நேரத்துத் தவறு என்று சொல்லித் தப்பித்தேன் அல்லவா? மறுவாரம் வேலைக்குப் போனபோது, அந்த எண் என் தலைக்குள் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சாயமேற்றும் மேசைக்கு மேலே, சுவரில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு அட்டை தொங்குகிறது. ‘புலத்துக்கு 3-க்குக் குறைந்தால் போதாது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஐயாயிரத்தை 1,600-ஆல் வகுத்தால் வருவது அதுதான். கர்ப்பப்பை வாய் மாதிரிக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதி மாட்டியது. எழுதிய கை என்னுடையது. அதில் எந்த உறுப்புக்கானது என்று ஒரு சொல் இல்லை, ஏனெனில் அப்போது எங்களுக்கு வந்தது ஒரே உறுப்பின் மாதிரிதான். பிறகு ஆசனவாய் மாதிரிகள் வரத் தொடங்கின. புதிதாகச் சேர்ந்தவர்கள் அட்டையைப் பார்த்து எண்ணினார்கள். புலத்துக்கு இரண்டு செல் இருந்தாலும் ‘போதாது’ என்று எழுதினார்கள். அவர்கள் மீது குற்றமில்லை.

முந்தைய ஆறு மாதங்களில் ‘போதாது’ என்று அனுப்பிய ஆசனவாய் ஸ்லைடுகளை எடுத்து, இருவர் தனித்தனியே மீண்டும் எண்ணினோம். முப்பத்தொன்றில் ஒன்பது போதுமானவை. அந்த ஒன்பதில் ஒன்றில், பொருள் தெளிவாகாத மாறுபட்ட செதிள் செல்கள், அதாவது ஏ.எஸ்.சி.-யு.எஸ்., இருந்தன. திருத்திய அறிக்கைகள் போய்விட்டன. அந்த ஒருவருக்காகத் தொலைபேசியிலும் பேசினேன்.

ஆகவே, ‘அது உங்கள் கையின் கணக்கு’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுவதுமாக அல்ல, மீதி இருபத்திரண்டு போதாதவைதான், அவற்றில் பெரும்பாலானவற்றில் உட்கருவற்ற தகடுகள் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் வாசகர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதை, அவர் சொன்ன அன்றே நான் எழுந்து சுவரைப் பார்த்திருந்தால் அறிந்திருப்பேன். அட்டையைக் கழற்றிவிட்டேன். புதிய அட்டையில் உறுப்பின் பெயர், வட்டத்தின் விட்டம், கண்வில்லையின் புல எண் மூன்றும் இருக்கின்றன.

ஜனவரி 28

சுவர் அட்டைக் கதையால் என் மேல் இரக்கப்பட்டு எழுதியவர்கள், குப்பியில் கலக்கும் விஷயத்தை மறக்க வேண்டாம். பழைய ஸ்லைடுகளை எண்ணிய அதே வாரத்தில் வேறொரு சோதனையும் செய்தோம். மாதிரி எடுக்கும் இருவரிடம் கேட்டு, அவர்கள் வழக்கம்போல் குப்பியில் கலக்கிய பிறகு எறியும் ஸ்வாப்களைப் புதிய குப்பி ஒன்றில் போட்டுத் தரச் சொன்னோம். இரண்டாவது குப்பிகளில் இரண்டில் ஒன்று, தனியே ஒரு மாதிரியாகவே தேறும் அளவுக்குச் செல் இருந்தது. தேநீரில் சர்க்கரை கலக்குவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றினால் செல் இறங்காது. ஸ்வாபைக் குப்பியின் உட்சுவரில் வைத்து அழுத்தித் தேய்த்து, வேகமாகச் சுழற்றி, பல முறை அடித்துக் கலக்க வேண்டும். அரை நிமிடம் உள்ளே பாடுபட்டு எடுத்ததைக் குப்பை வாளியில் போடுவது வருத்தத்துக்குரியது.

ஜனவரி 29

குப்பித் திரவம் இல்லாமல் நேரடியாக ஸ்லைடில் தேய்க்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். தேய்க்கலாம், ஆனால் தேய்த்த அந்த நொடியே 95 விழுக்காடு எத்தனாலில் முங்க வேண்டும். காற்றில் உலர்ந்துவிட்டால் உட்கரு வீங்கி வெளிறிப் பெரிதாகத் தெரியும். பெரிய உட்கருவைத்தான் நாங்கள் நோயின் அடையாளமாகத் தேடுகிறோம் என்பதால், உலர்ந்த ஸ்லைடு எங்களை ஏமாற்றும். மலப்பொருளும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இரண்டு வழிக்கும் வசதி இருந்தால் குப்பியே மேல்.

பிப்ரவரி 2

‘போதாது’ என்ற சொல்லைப் பற்றி. இது மருத்துவப் பக்கத்தில் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று அஞ்சுகிறேன். திருத்திய அறிக்கைக்காகத் தொலைபேசியில் பேசியபோது, அந்த நோயாளியின் கோப்பில் முந்தைய அறிக்கை ‘குறையொன்றும் இல்லை’ என்ற பகுதியில் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. செல் இல்லை என்பது வேறு, நோய்ச் செல் இல்லை என்பது வேறு. போதாத மாதிரி எதையும் சொல்லவில்லை. மீண்டும் எடுக்க வேண்டும் என்பதைத் தவிர.

இதன் மறுபக்கம் எங்கள் பிழை. எண்ணிக்கை குறைவான ஸ்லைடில் மாறுபட்ட செல் ஒன்று கண்ணில் பட்டாலும், அந்த மாதிரி ‘போதாது’ ஆகாது. அதைப் போதுமானதாகக் கொண்டு, கண்டதை எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்த ஸ்லைடு ஒன்றில் முந்நூறு செல்கூட இருந்திருக்காது. ஓர் ஓரத்தில், சிறிய, கரிய, ஓரம் நெளிந்த உட்கருவைச் சுற்றி மெல்லிய சைட்டோபிளாச வளையம் மட்டும் மிஞ்சிய ஆறு செல்கள் ஒன்றாகக் கிடந்தன. முதலில் பார்த்தவர் எண்ணிக்கையைப் பார்த்து ‘போதாது’ என்று பென்சிலில் குறித்திருந்தார். பென்சிலில் குறிப்பது நல்ல வழக்கம்.

பிப்ரவரி 3

அந்த ஆறு செல்லும் பயாப்ஸியில் எச்.எஸ்.ஐ.எல்., அதாவது புற்றுக்கு முந்திய உயர்தர மாற்றம், என்றே வந்தன. கேட்டவர்களுக்காக.

பிப்ரவரி 15

அறிக்கையின் கடைசி வரியை எப்படிப் படிப்பது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. பெயர்கள் கர்ப்பப்பை வாய்க்கு உள்ளவையே: நெகட்டிவ், ஏ.எஸ்.சி.-யு.எஸ்., ஏ.எஸ்.சி.-எச். (உயர்தர மாற்றமோ என ஐயம்), எல்.எஸ்.ஐ.எல். (தாழ்தர மாற்றம்), எச்.எஸ்.ஐ.எல்., புற்று. பெயர் ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசனவாயில் செல் அறிக்கை சொல்லும் தரமும் பயாப்ஸி சொல்லும் தரமும் அடிக்கடி வேறுபடுகின்றன. பெரும்பாலும் செல் அறிக்கை குறைத்தே சொல்கிறது. எல்.எஸ்.ஐ.எல். என்று நான் எழுதி அனுப்பியவர்களின் பயாப்ஸியில் எச்.எஸ்.ஐ.எல். வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். தடித்துக் கெரட்டின் படிந்த புண்ணிலிருந்து மேற்பரப்புச் செல்தான் உதிர்கிறது, அடியில் இருப்பது உதிர்வதில்லை. உதிர்ந்ததும் பெரும்பாலும் சுருங்கிச் சிதைந்து வருகிறது. ஆகவே செல் பரிசோதனை செய்வது தரம் பிரிப்பதல்ல, ‘இவரை உள்ளே பார்க்க வேண்டும்’ என்று கை காட்டுவது. ஏ.எஸ்.சி.-யு.எஸ். முதல் எல்லா மாறுபாடும் உயர்தெளிவு அனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாயின் உட்புறத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, உரியவையே, ஏ.எஸ்.சி.-எச்.-உம் எச்.எஸ்.ஐ.எல்.-உம் தாமதிக்கக் கூடாதவை. அங்கே அசெட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, லூகால் அயோடினில் நிறம் ஏற்காத இடத்தையும் பார்த்து, அங்கிருந்துதான் பயாப்ஸி எடுக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு சங்கடமான கேள்வி பிறக்கிறது: அந்த அனோஸ்கோப்பிக்கு அனுப்ப வழியில்லாத இடத்தில் ஸ்வாப் எடுத்து என்ன பயன்? விடையை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கேள்வி கேட்பது நோயாளிக்கு அச்சத்தை மட்டுமே தரும். அங்கே விரல் பரிசோதனையை ஒழுங்காகச் செய்வதே மேல் என்பது என் எண்ணம்.

எடுத்துச் சிகிச்சை செய்தால் பயன் உண்டா என்பதில் முன்பு எனக்கே ஐயம் இருந்தது. 2022 ஜூனில் வெளியான ஆன்கர் ஆய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. அமெரிக்காவில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன, எச்.ஐ.வி. உள்ள, பயாப்ஸியில் எச்.எஸ்.ஐ.எல். உறுதியான நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை அளித்து, மற்றொன்றைக் கண்காணித்தார்கள். சிகிச்சைக் குழுவில் 9 பேருக்கும், கண்காணிப்புக் குழுவில் 21 பேருக்கும் புற்று வந்தது. புற்றாக முற்றும் வேகம் 57 விழுக்காடு குறைந்தது. அதற்குப் பின்னர், 2024-இல், பன்னாட்டு ஆசனவாய் நியோபிளாசியா சங்கத்தின் வழிகாட்டுதலும் வந்தது. யாருக்கு எப்போது தொடங்குவது என்பதை அது தெளிவாக்கியது: எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 35 வயது; எச்.ஐ.வி. உள்ள மற்றவர்களுக்கும், எச்.ஐ.வி. இல்லாத அந்த ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 45. பெண்குறி வெளிப்புறத்தில் எச்.எஸ்.ஐ.எல். அல்லது புற்று கண்டவர்களுக்கு, கண்ட ஓராண்டுக்குள். உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்து. கேட்டவரின் நோயாளிகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைக்குள் வருவார்கள்.

பிப்ரவரி 16

எச்.பி.வி. பரிசோதனை மட்டும் போதாதா, செல் எதற்கு என்பவருக்கு: எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் ஆசனவாய் எச்.பி.வி. மிகப் பரவலாக இருப்பதால், ‘ஏதோ ஒரு அபாய வகை இருக்கிறது’ என்ற விடை பெரும்பாலோரையும் உள்ளே அனுப்பிவிடும். 16-ஆம் வகையைத் தனியே சொல்லும் பரிசோதனைக்கு மதிப்பு உண்டு, ஏனெனில் ஆசனவாய்ப் புற்றில் மிகப் பெரும் பங்கு அந்த ஒரு வகைக்குத்தான். ‘இல்லை’ என்ற விடைக்கும் மதிப்பு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே எனக்கு உவப்பு. ஒரே குப்பியிலிருந்து இரண்டுக்கும் எடுக்கலாம்.

மார்ச் 1

நோயாளியே எடுத்துக்கொள்ளும் மாதிரியைப் பற்றி என் கருத்து மாறிக்கொண்டே இருக்கிறது. எச்.பி.வி.-க்காக என்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. வைரஸின் மரபுப்பொருள் சிறிதளவு வந்தாலே போதும். செல்லுக்காக என்றால், எண்ணிக்கை பொதுவாகக் குறைகிறது. தன்னைத்தானே நோகடித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்பதால் அழுத்தம் குறைவு, முப்பது வினாடி பத்தாகிவிடுகிறது. மற்றபடி, அறைக்குள் வந்து கால்சட்டையைக் கழற்றவே கூசித் திரும்பிப் போகிறவருக்கு இதுதான் ஒரே வழி என்றால், குறைந்த செல்லோடு வரும் குப்பியை நான் குறைசொல்ல மாட்டேன்.

அந்தக் கூச்சம் உங்கள் பக்கத்து அறையில் நடப்பது, நான் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்லைடில் அதன் சுவடு தெரியும். தசை இறுகிய நோயாளியிடம் அவசரமாக எடுத்ததில் வெளித்தோல் தகடுகள் மட்டும் இருக்கும். என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், வலி இருக்காது ஆனால் நெருடும் என்று முன்பே சொல்லி, பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒருமுறை மூச்சை மெல்ல விடச் சொல்லிப் பிறகு எடுப்பவர்களின் குப்பிகள் வேறு மாதிரி வருகின்றன. ஒரு செவிலியர் என்னிடம் சொன்னது: அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு நோயாளியைச் சத்தமாக முப்பது வரை எண்ணச் சொல்கிறாராம். நோயாளிக்கு எப்போது முடியும் என்று தெரிகிறது, அவருக்குக் கை ஓட முடிவதில்லை. முயன்று பாருங்கள். உங்கள் கைமுட்டியை இறுக்கி அதற்குள் ஒரு குச்சியைச் சுழற்றி எடுத்துக்கொண்டே, கடிகாரத்தைப் பார்க்காமல் முப்பது வினாடி மதிப்பிட்டுப் பாருங்கள். நான் பன்னிரண்டில் நிறுத்தினேன்.

மார்ச் 2

மேலே ‘வலி இருக்காது’ என்று எழுதியதைத் திருத்துகிறேன். மூலமோ வெடிப்போ உள்ளவருக்கு வலிக்கும். முன்பே கேட்டுவிட வேண்டும். இல்லாத வாக்குறுதி கொடுக்கக் கூடாது. சிறிது இரத்தம் வந்தால் மாதிரி கெட்டுவிடும் என்றில்லை. அசெட்டிக் அமிலத்தால் சிவப்பணுக்களைக் கழுவி மறுபடி ஸ்லைடு போடும் வழி எங்களிடம் உண்டு. இரத்தம் கலந்திருந்தால் படிவத்தில் ஒரு சொல் எழுதினால் போதும்.

மார்ச் 20

முதலில் கேள்வி கேட்டவரிடமிருந்து கடைசியாக வந்த இருபது குப்பிகளையும் நானே பார்த்தேன். புதிய அட்டையின்படி பத்தொன்பது தேறின. பதினான்கில் தூண் செல்கள் இருந்தன. தேறாத ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். தேன்கூட்டுத் தாள்களாகத் தூண் செல்கள் நிறைய இருக்கின்றன, உட்கருவுள்ள செதிள் செல் புலத்துக்கு அரைகூட இல்லை. குச்சி மேலே சரியாகப் போயிருக்கிறது. இறங்கும்போது யாரோ கதவைத் தட்டியிருக்க வேண்டும். குப்பியில் மீதமிருந்த திரவத்திலிருந்து இரண்டாவது ஸ்லைடும் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே. ‘போதாது, மீண்டும் எடுக்கவும்’ என்று எழுதி, இம்முறை அதற்குக் கீழே ‘இது நெகட்டிவ் அறிக்கை அல்ல’ என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.